குறுகும் மேசை: ஹாரிங்டனின் போக்கர் நூல் பற்றிய ஒரு திறனாய்வு

இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் அனைவரும் பட்டறிந்த இடர்ப்பாடு ஒன்றுண்டு. ஒரு விதியை மாணவர் மனத்திற் பதிய வைப்பது எளிது. அவ்விதி எவ்விடத்தில் நெகிழும், எவ்விடத்தில் முற்றிலும் விலகும் என்பதைப் பதிய வைப்பதே அரிது. நன்கு கற்ற மாணவனே விதியை விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டு பிழை செய்வதைத் தேர்வுத் தாள்களில் ஆண்டுதோறும் காண்கிறோம். நம் பழைய இலக்கண ஆசிரியர்கள் இதனை உணர்ந்தே புறனடை என ஒன்றனை வகுத்தனர்; சொல்லாதவற்றையும் சொல்லியவற்றின் வழியே கொள்க என்றனர். கொள்க என்று கூறுவது வேறு. கொள்ளும் முறையைக் காட்டுவது வேறு. இவ்விடர்ப்பாட்டை நமக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு துறையில் நேருக்கு நேர் எதிர்கொண்ட நூல் ஒன்றை ஈண்டு ஆராய விழைகிறேன். அமெரிக்கப் போக்கர் ஆட்டக்காரர் டான் ஹாரிங்டன், பில் ராபர்ட்டி என்பவருடன் இணைந்து எழுதிய ‘ஹாரிங்டன் ஆன் ஹோல்டெம்’ என்பதே அந்நூல்.

சூதாட்ட நூலைத் தமிழாசிரியர் கையிற் கொடுப்பது முறையா என்ற வினா எழும். வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்து அதனைக் கடிந்தார். அக்கடிதலில் ஒரு சொல்லையும் மாற்ற நான் முற்படவில்லை. எனினும் நளன் கதையையும் பாண்டவர் கதையையும் நெடுங்காலமாக வகுப்பறையில் நடத்தி வருகிறோம். அதனால் நம்மில் எவரும் பகடையைக் கையில் எடுத்துவிடவில்லை. ஒரு நூல் தன் பொருளை எங்ஙனம் கற்பிக்கிறது என்று ஆராய்வதும் அப்பொருளைப் பரிந்துரைப்பதும் ஒன்றாகா.

நூலின் முதற்றொகுதி 2004இலும், இரண்டாம் தொகுதி 2005இலும், பயிற்சி நூலாகிய மூன்றாம் தொகுதி 2006இலும் வெளிவந்தன. ‘இறுதியாட்டம்’ என்னும் பொருள்பட்ட துணைத்தலைப்பைக் கொண்ட இரண்டாம் தொகுதியே இக்கட்டுரையின் களம். ஹாரிங்டன் சதுரங்கத்திலும், பகடையும் காய்களும் கொண்டு ஆடும் பேக்காமனிலும் தேர்ந்தவர்; சட்டம் பயின்றவர். லாஸ் வேகாஸ் நகரில் நடைபெறும் உலகப் போக்கர் தொடரின் தலைமைப் போட்டியை 1995இல் வென்றார். அன்று களமிறங்கியோர் 273 பேர். 2003இல் 839 பேருள் மூன்றாமவராகவும், 2004இல் 2,576 பேருள் நான்காமவராகவும் வந்தார். அடுத்தடுத்த ஈராண்டுகளில் அத்துணைப் பெருங்கூட்டத்தைக் கடந்து இறுதி மேசையில் அமர்ந்தமை ஆட்டவுலகம் வியந்த செயல். ராபர்ட்டியோ பேக்காமனில் இருமுறை உலகப் பட்டம் பெற்றவர். எழுத்தில் தேர்ச்சி மிக்கவர். நூலின் நடைத்தெளிவில் அவர் பங்கு பெரிதாக இருத்தல் வேண்டும் என்பது என் ஊகம்.

நூலின் சிக்கலை உணர ஆட்டத்தின் அமைப்பைச் சிறிதளவேனும் அறிதல் வேண்டும். டெக்சாஸ் ஹோல்டெம் என்னும் வகையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாக வழங்கப்படும். ஐந்து சீட்டுகள் பொதுவாக மேசை நடுவில் திறக்கப்படும். ஒவ்வோர் ஆட்டத்திலும், சீட்டுப் பகிரும் இடத்திற்கு அடுத்தடுத்து அமர்ந்த இருவர், தம் சீட்டைக் காணுமுன்பே கட்டாயப் பந்தயம் வைத்தாக வேண்டும். அப்பொறுப்பு ஆட்டத்துக்கு ஆட்டம் இடம் நகர்ந்து அனைவரையும் சுற்றி வரும். போட்டியில் அனைவரும் சம அளவு வில்லைகளுடன் தொடங்குவர். வில்லை தீர்ந்தவர் வெளியேறுவர். கட்டாயப் பந்தயத்தின் அளவோ குறித்த கால இடைவெளியில் உயர்ந்துகொண்டே செல்லும். ஆகவே நல்ல சீட்டு வரட்டும் என்று வாளாவிருப்பவனையும் ஆட்டம் மெல்ல மெல்லத் தின்றுவிடும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஆட்டக்காரர் வெளியேற வெளியேற, மேசைகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு, எஞ்சியோர் எப்போதும் ஏறத்தாழ நிரம்பிய மேசைகளிலேயே அமர்த்தப்படுகின்றனர். நாட்கணக்காக ஒன்பதின்மர் அல்லது பதின்மர் சூழ்ந்த மேசையில் அமர்ந்து, பொறுமை காத்து, பழுதான சீட்டுகளைப் போட்டுவிட்டு விலகும் பழக்கத்தை ஆட்டக்காரன் வளர்த்துக்கொள்கிறான். அப்பழக்கமே அவனை இறுதி மேசைக்குக் கொணர்கிறது. அங்கே மேசை உண்மையாகவே குறுகத் தொடங்குகிறது: ஒன்பது, ஏழு, ஐந்து, மூன்று, இரண்டு. பரிசுத் தொகை மிகப் பெரிதாகும் அதே வேளையில், அவனை அதுவரை காத்த பழக்கம் அவனுக்கே பகையாகிறது. பெரும்பாலோர் அந்நிலையைக் கண்டதே இல்லையாதலால் பயிற்சியும் இராது.

இவ்விடத்தில் ஹாரிங்டன் செய்த செயலே நூலின் தலையாய சிறப்பு. ‘மேசை குறுகினால் துணிந்து ஆடு’ என்று அவர் அறிவுரை கூறிச் சென்றுவிடவில்லை. ஓர் அளவுகோலைத் தருகிறார். கையிலுள்ள வில்லைகளை, ஒரு சுற்றுக்கு ஆகும் கட்டாயச் செலவால் வகுத்தால் வருவது ‘எம்’. பேக்காமன் அறிஞர் பால் மேக்ரியல் பெயரின் முதலெழுத்து அது. இருபதுக்கு மேல் இருப்பின் பச்சை மண்டலம். பத்து முதல் இருபது வரை மஞ்சள். ஆறு முதல் பத்து வரை ஆரஞ்சு. அதற்குக் கீழே சிவப்பு. ஒன்றுக்கும் கீழாயின் செத்த மண்டலம். பச்சையில் ஆட்டக்காரன் தான் விரும்பிய முறையில் ஆடலாம். நிறம் மாற மாற அவனுக்குரிய வழிகள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. சிவப்பில் எஞ்சுவன இரண்டே: அனைத்தையும் வைப்பது அல்லது விலகுவது.

இதன் மேல் அவர் ஒரு பெருக்கலைச் சேர்க்கிறார். எம் என்பதைப் பதின்மர் மேசைக்கு உரியதாகக் கொண்டு, மேசையில் எத்தனை பேர் உள்ளனரோ அதற்கேற்பக் குறைக்கிறார். ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். கட்டாயப் பந்தயங்கள் 200, 400. ஆகச் சுற்றுக்கு 600. ஒருவன் கையில் 9,000 வில்லைகள் உள்ளன. அவன் எம் 15. பதின்மர் மேசையில் ஒரு சுற்றுக்குப் பத்து ஆட்டங்கள். ஆகவே ஒன்றும் செய்யாமலிருந்தாலும் 150 ஆட்டங்கள் வரை தாக்குப்பிடிப்பான். மேசையில் ஐவரே இருந்தால் அதே 9,000 அவனுக்கு 75 ஆட்டங்களே தரும். அவனது பயன்படும் எம் 7.5, மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு இறங்கிவிட்டான். மூவர் எனில் 4.5, சிவப்பு. அவன் கையிலிருந்து ஒரு வில்லையும் குறையவில்லை. குறைந்தவை எதிரேயிருந்த நாற்காலிகள் மட்டுமே.

ஒரு விதி, தான் எப்போது மாறவேண்டும் என்பதைத் தன்னுள்ளேயே சுமந்து நிற்பதை இங்குக் காண்கிறோம். விதியும் புறனடையும் ஒரே வாய்பாட்டில் அடங்கிவிட்டன. கற்பிக்கும் உரைநடையில் இத்தகைய சிக்கனத்தை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். நூலின் நடையும் இதற்கு ஒத்திசைகிறது. முதலில் ஒரு கோட்பாடு. அடுத்து மேசையின் நிலை, ஒவ்வொருவர் கையிலுள்ள வில்லைகளின் அளவு. பின்னர் ‘நீ என்ன செய்வாய்?’ என்ற வினா. அதன் பின்னரே விடை. நூற்பா, எடுத்துக்காட்டு, வினா, விடை என்று நம் உரையாசிரியர்கள் கையாண்ட முறைக்கு இஃது எத்துணை நெருங்கியது என்பதைத் தமிழ் மாணவர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை. விடையைப் படிக்குமுன் நூலை மூடிவைத்துச் சிந்திக்குமாறு அவ்வினா நம்மைக் கட்டாயப்படுத்துகிறது.

ஆயினும் அந்தப் பெருக்கலில் ஒரு குறை உண்டு. மேசை குறுகும்போது இரண்டு மாற்றங்கள் ஒருங்கே நிகழ்கின்றன. கட்டாயச் செலவு விரைந்து வருவது ஒன்று. எதிரிகள் குறைவதால் அவர்களிடம் நல்ல சீட்டு இருக்கும் வாய்ப்புக் குறைவது மற்றொன்று. முன்னது நெருக்கடி, பின்னது வாய்ப்பு. பெருக்கல் முன்னதை மட்டுமே அளக்கிறது.

பின்னதன் அளவை நாமே கணக்கிடலாம். என் கையில் ஏஸ் சீட்டு இல்லை என்று கொள்வோம். எதிரே ஒன்பதின்மர் இருப்பின் அவர்களுள் ஒருவரிடமேனும் ஏஸ் இருப்பதற்கு நூற்றுக்கு 84 பங்கு வாய்ப்புண்டு. நால்வர் இருப்பின் அது 51 பங்கு. ஒருவரே எனில் 16 பங்குதான். பதின்மர் மேசையில் ராஜாவும் ஒன்பதும் கையில் வைத்துக்கொண்டு பந்தயத்தை உயர்த்துபவன் பேதை. இருவர் ஆட்டத்தில் அதே சீட்டுகளைப் போட்டுவிட்டு விலகுபவனே பேதை. சீட்டின் மதிப்புச் சீட்டில் இல்லை; எத்தனை பேர் எதிரே அமர்ந்துள்ளனர் என்பதில் உள்ளது. அறுபது எம் வைத்திருக்கும் செல்வன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். ஐவர் மேசையில் அவன் பயன்படும் எம் 30. பச்சை மண்டலத்திலேயே இருக்கிறான். வாய்பாட்டின்படி அவன் தன் ஆட்டத்தை மாற்ற வேண்டியதில்லை. உண்மையில் அவனும் மாற்றியே ஆகவேண்டும். ஏனெனில் எதிரிகளின் எண்ணிக்கை அவனுக்கும் பாதியாகிவிட்டது. ஹாரிங்டன் இதனை அறியாதவரல்லர். குறுகிய மேசை பற்றிய பகுதியில் சீட்டுகளின் மதிப்பு உயர்வதை உரைநடையில் விளக்கவே செய்கிறார். ஆனால் எண்ணாகச் சொன்னது மனத்தில் நிற்கிறது. உரையாகச் சொன்னது நழுவிவிடுகிறது. நூலைப் படித்த பலர் நிறங்களை மட்டுமே நினைவில் வைத்திருப்பதன் காரணம் இதுவே எனலாம். இனி, ஆர்னால்ட் சினைடர் 2006இல் வெளியிட்ட நூல் வேறொரு பக்கத்திலிருந்து தாக்கியது: கட்டாயப் பந்தயம் உயரும் வேகம் போட்டிக்குப் போட்டி வேறுபட, எம் அதனைக் கருதவில்லை என்பது அவர் வாதம். அதிலும் நியாயமுண்டு.

இன்னொன்றும் கூறவேண்டும். அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்லுதல் கற்பித்தலின் முதற்பாடம். ஐவர் மேசை என்பது யாது? பதின்மர் மேசையில் முதல் ஐவர் சீட்டைப் போட்டு விலகிய பின்னர் எஞ்சும் நிலைக்கு ஏறக்குறைய ஒப்பானது அது. நிரம்பிய மேசையில் இறுதியாகப் பேசும் இடங்களில் அமர்ந்து ஆடப் பழகியவன், குறுகிய மேசையை அறியாமலே அறிந்திருக்கிறான். அவன் செய்யவேண்டியது, அவ்விடங்களுக்குரிய துணிவை எல்லா ஆட்டங்களுக்கும் விரிப்பதே. முதற்றொகுதியில் இருக்கைகளின் வேறுபாட்டை அத்துணைத் தெளிவாக விளக்கிய ஆசிரியர், இந்த இணைப்பை முன்னிறுத்தித் தொடங்கியிருந்தால், குறுகிய மேசை மாணவனுக்குப் புதுநாடாகத் தோன்றியிராது.

பரிசுப் படிகளைப் பற்றிய குறை இதனினும் பெரிது. போட்டியில் ஒருவர் வெளியேறும்போது, ஏனையோர் விரலையும் அசைக்காமல் ஒருபடி உயர்கின்றனர். ஆகவே மேசை குறுகக் குறுக, ஆட்டம் துணிவை வேண்டுகிறது. பரிசோ ‘பொறு, இன்னொருவன் போகட்டும்’ என்று காதில் ஓதுகிறது. இழக்கும் வில்லையின் மதிப்பு, பெறும் வில்லையின் மதிப்பைவிட மிகுதி. இம்முரண்பாட்டை ஹாரிங்டன் தொடாமலில்லை, தொட்டுவிட்டு நகர்கிறார். அவர் காட்டும் ஆட்டக்காரனுக்குக் குடும்பமில்லை, கடனில்லை, அச்சமில்லை. அவன் வில்லைகளை எண்ணும் ஓர் எந்திரன்.

இக்குறையை உணர்வதற்கு வேறொரு நூலை அருகில் வைத்துப் படித்தல் நன்று. கவிஞரும் புதின ஆசிரியருமான ஜேம்ஸ் மெக்மேனஸ், 2000ஆம் ஆண்டுப் போட்டியைப் பற்றி எழுதுமாறு ‘ஹார்ப்பர்ஸ்’ இதழால் அனுப்பப்பட்டார். எழுதச் சென்றவர், இதழ் தந்த முன்பணத்தைக் கொண்டு துணைப்போட்டி ஒன்றில் ஆடி, தலைமைப் போட்டியில் இடம் பெற்று, 512 பேருள் ஐந்தாமவராக வந்தார். பெற்ற தொகை 2,47,760 டாலர். 2003இல் வெளிவந்த ‘பாசிட்டிவ்லி ஃபிஃப்த் ஸ்ட்ரீட்’ அவ்வனுபவத்தின் பதிவு. நல்ல ஜிம், கெட்ட ஜிம் என்று தம்மை இரு கூறாக்கி, இருவரையும் நூல் முழுதும் வழக்காட விடுகிறார். இவ்வுத்தி சில இடங்களில் சலிப்பூட்டுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்; நூலின் நடுவே வரும் கொலைவழக்குச் செய்திகளுள் பாதியைக் குறைத்திருக்கலாம். ஆயினும் மேசை குறுகும் பக்கங்களில் அவ்விருவர் வழக்குப் பொருள் செறிந்ததாகிறது. ஒருவன் வீட்டுக்குப் பணம் கொண்டுசெல்ல விழைகிறான். மற்றவன் வெல்ல விழைகிறான். ஹாரிங்டன் எண்களில் அடைக்க முடியாமல் விட்ட முரண்பாடு இங்கே ஒரு மனிதனின் நெஞ்சில் நின்று பேசுகிறது.

மெக்மேனஸ் அப்போட்டிக்கென ஊன்றிப் படித்த பாடநூல்களுள் ஒன்று டி. ஜே. கிளவுட்டியர், டாம் மெக்ஈவாய் இருவரும் எழுதியது. அக்கிளவுட்டியரையே அவர் மேசையில் எதிரே சந்தித்தார். பாடநூல் எழுதிய ஆசிரியரும் அதைப் படித்த மாணவனும் எதிரெதிரே அமரும் காட்சி நமக்குத் தனிச் சுவை தரத்தக்கது. மாணவன் ஐந்தாம் இடத்தில் வெளியேறினான். ஆசிரியர் இறுதி இருவருள் ஒருவராக எஞ்சி, கிறிஸ் பெர்குசனை எதிர்கொண்டார். கடைசி ஆட்டத்தில் வில்லைகள் நடுவில் குவிந்தபோது கிளவுட்டியரிடம் ஏஸும் ராணியும். பெர்குசனிடம் ஏஸும் ஒன்பதும். நிரம்பிய மேசையில் ஏஸும் ஒன்பதும் விலகுவதற்குரிய சீட்டுகள். இருவர் ஆட்டத்தில் அவை வலிய சீட்டுகள். ஆகவே பெர்குசன் செய்ததைப் பிழையென்று தள்ளிவிட இயலாது. அன்றோ அவர் பின்தங்கியே இருந்தார். இறுதிச் சீட்டு ஒன்று மட்டும் எஞ்சியபோது, காணப்படாத 44 சீட்டுகளுள் அவரைக் காக்கவல்ல ஒன்பதுகள் மூன்றே. திறக்கப்பட்டது ஒன்பது. பெர்குசன் 15 இலட்சம் டாலருடன் எழுந்தார். செம்மையாக ஆடிய ஆசிரியர் இரண்டாமவரானார். மெக்மேனஸ் இதனை விதியின் திருவிளையாடல் என்று அலங்கரித்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல் நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே கூறுவது அவர் எழுத்தின் நேர்மை.

ஹாரிங்டன் நூலில் இருவர் ஆட்டம் பற்றிய பகுதிக்கு வருவோம். அங்கே பெருக்கலின் பயன் தேய்ந்துவிடுகிறது. இருவரும் ஆட்டந்தோறும் கட்டாயப் பந்தயம் வைக்கின்றனர். ஏறத்தாழ எல்லாச் சீட்டுகளும் ஆடத்தக்கவை ஆகின்றன. எஞ்சுவது எதிரே அமர்ந்திருக்கும் ஒரே ஒரு மனிதன். அவன் எத்தகையவன், என்னை எத்தகையவன் என்று எண்ணுகிறான் என்பதே ஆட்டம். அளவுகோலால் இதுவரை நம்மை அழைத்துவந்த ஆசிரியர், இவ்விடத்தில் எடுத்துக்காட்டு ஆட்டங்களை அடுக்குகிறார். ஒவ்வொன்றும் தெளிவானதே, எனினும் ஒரு மனிதனை அறிந்துகொண்ட நிறைவு அவற்றால் கிட்டவில்லை. 1995இல் தாமே இருவர் ஆட்டத்தில் ஹோவர்டு கோல்ட்ஃபார்பை வென்றவர் அவர். இறுதியில் அவர் கையில் இருந்தவை வெறும் ஒன்பதும் எட்டும். அந்த இரவில் தாம் எதை அஞ்சினார், எதை நம்பினார் என்று நான்கு வரி எழுதியிருக்கக் கூடாதா என்று ஏங்கத் தோன்றுகிறது.

அவ்வேக்கம் வீண் அன்று என்பதற்கு நூலிலேயே சான்றுண்டு. 2004ஆம் ஆண்டு இறுதி மேசையில் தாம் ஆடிய ஓர் ஆட்டத்தை ஹாரிங்டன் விவரிக்கிறார். கிரெக் ரேமர் பந்தயத்தை உயர்த்துகிறார். ஜாஷ் ஆரியே அதற்கு ஈடு வைக்கிறார். ஹாரிங்டன் கையில் ஆறும் இரண்டும். வரக்கூடியவற்றுள் மிகத் தாழ்ந்த சீட்டுகள். அவற்றை வைத்துக்கொண்டு பந்தயத்தைப் பன்மடங்கு உயர்த்துகிறார். முதலில் உயர்த்தியவன் முன்னும் பின்னுமாக நெருக்கப்படுகிறான் என்று காரணம் காட்டுகிறார். அனைவரும் விலகுகின்றனர். நல்ல சீட்டின்றி அசையாதவர் என்று ஊரே அறிந்த ஹாரிங்டன் செய்தமையாலேயே அது பலித்தது. அவருக்கு வழங்கிய ‘ஆக்ஷன் டான்’ என்னும் பட்டப்பெயரே, அடக்கமாக ஆடுபவரைக் குறித்த வேடிக்கைதான். பல்லாண்டுப் பொறுமையால் ஈட்டிய நற்பெயரை ஒரே ஆட்டத்தில் அவர் செலவழித்தார். அதனை எந்த மண்டலத்தின் நிறமும் நமக்குச் சொல்லித் தராது. நூலின் பிற பக்கங்களில் ‘நீ’ என்றே பேசிய ஆசிரியர், இங்கு ‘நான்’ என்று பேசுகிறார். அந்தச் சில பக்கங்களே நூலில் மீண்டும் மீண்டும் படிக்கத்தக்கவை.

மாணவர் இந்நூலை வாசிக்க விரும்பின், அந்த ஆட்டத்தை முதலிற் படித்து, அதன்பின் குறுகிய மேசைப் பகுதிக்குச் செல்லுமாறு கூறுவேன். ஆசிரியர் வகுத்த வரிசைக்கு இது மாறானது. பெருக்கல் வாய்பாட்டைக் கற்குமுன், அதனைக் கையில் வைத்திருந்த ஒருவர் எப்போது அதைக் கீழே வைத்தார் என்பதைக் கண்டுவிடுதல் நல்லது.